காலித் தொட்டியின் கெப்பாசிட்டி

அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்மணி ஒருவரிடம் ‘நானும் இந்தியன்தான்’ என்று பல்லை இளித்தபடி கை நீட்டிய மடையன் நான்தான். அவர் பெயர் டெனிஸ், இந்த ஊர்க் கவுன்சில் உறுப்பினர். அவர் சிரிக்கவில்லை.

நான் குடியிருக்கும் இர்விங்கிலிருந்து பகல் முழுக்கக் கார் ஓட்டி மேற்கு டெக்சாஸுக்கு வந்திருக்கிறேன். சோலார் திட்டத்துக்கு முதலீடு பிடிக்கும் திறனை, அவர்கள் பாஷையில் ‘கெப்பாசிட்டி’யை, இந்த ஊர்க்காரர்களிடம் வளர்க்க ஒரு மானியம் உண்டு. வளர்க்க வந்திருக்கும் பயிற்சியாளன் நான். என் வீட்டுத் துளசிகூட என்னிடம் வளர்ந்ததில்லை.

கூட்டம் நடக்கும் அறையில் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. ஜன்னலுக்கு வெளியே உயரமான தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதன் வயிற்றில் ‘கெப்பாசிட்டி’ என்று எழுதி, எத்தனை கேலன் பிடிக்கும் என்று போட்டிருக்கிறார்கள். கிணற்று மோட்டார் எரிந்ததிலிருந்து தொட்டி காலி. எதிர்த்தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

“இந்த மானியத்துல ஒரு மோட்டார் வாங்க முடியுமா?” என்று டெனிஸ் கேட்கிறார்.

“முடியாது மேடம். ட்ரெயினிங்குக்கு மட்டும்தான், ரூல் அப்படி.”

“என் தங்கச்சி குடும்பம் வெள்ளிக்கிழமை ஊரை விட்டே போகுது.”

லேப்டாப்பைத் திறக்கிறேன். “முதல்ல உங்க கெப்பாசிட்டிய எப்படிக் கூட்டுறதுன்னு பார்ப்போம்,” என்று வாய் தானாகச் சொல்கிறது.

டெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்.

“கெப்பாசிட்டி இருக்கு. தண்ணிதான் இல்ல.”