நான் உட்காராத பத்து நிமிடம்

நாலு வருடம் முன்பு, மழை விட்ட ஆவணி மாதம். திருவனந்தபுரத்துக்கு மேலே போனக்காட்டு மலையில் நடந்தது. தேயிலை எஸ்டேட் வேலை நின்ற பிறகு நான் வனத்துறையில் தற்காலிக வாச்சராக, காட்டுக் காவலுக்கு, சேர்ந்திருந்தேன். இப்போதும் அதே வேலைதான்.

மிளா என்பது பெரிய ஜாதி மான். ஒரு பெட்டை மிளாவின் முன்காலில் கண்ணி இறுகியிருந்தது. பைக் பிரேக் கம்பி. யாரோ வைத்தது. சதை அழுகி, கால் ஊன்றாமல் நடந்தது. மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்ட நகரத்திலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார். சின்ன வயது. இருபத்தைந்து தப்படிக்குள் போனால்தான் துப்பாக்கி ஊசி சரியாகப் படும். சத்தமில்லாமல் கூட்டிப்போவது என் வேலை.

புறப்படும்போதே அவர் காலில் அட்டை ஏறியது.

“அதெந்தா அண்ணா, என்னை மட்டும் கடிக்குது?”

“எங்க ரத்தம் பூரா தேயிலச் சாயம் டாக்டரே. அதுக்குக் கசக்கும்.”

சிரித்தார். அதோடு பேச்சை நிறுத்தினோம்.

காற்று கீழேயிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது. நல்லது, எங்கள் வாடை மிளாவுக்குப் போகாது. என் கால் பட்ட இடத்தில்தான் அவர் கால் வைத்தார். மிளா தலையைத் தூக்கினால் நிற்போம். மேயத் தொடங்கினால் ஓர் அடி. இரண்டு மணி நேரம் ஆனது. மிளா எங்களுக்குக் கீழே, சரிவில் நின்றது.

டாக்டர் என் காதருகே கேட்டார். “பக்கத்துல வெள்ளம் உண்டோ?” தண்ணீரைக் கேட்டார்; மயங்கும் மிருகம் அதில் விழுந்தால் மூழ்கிவிடும்.

“கீழ ஓடை இருக்கு. தூரம்தான்.”

ஊசி தொடையில் பட்டது. மிளா கொஞ்சம் இறங்கி ஓடி நின்றது. டாக்டர் உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினார். “பத்து மினிட். அனங்கருது.” அசையக் கூடாது என்றார்.

உட்கார்ந்தேன். மிளா தள்ளாடியது. இன்னும் நாலு அடி இறங்கியது. எனக்கு ஓடைச் சத்தம் கேட்டது. தூரம் என்று நான் சொன்னது தப்பு. சுற்றிப்போய்க் கீழே நின்று மறித்துவிடலாம் என்று எழுந்தேன். டாக்டர் சட்டையைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடினேன். சுற்றி முடிவதற்குள் மிளா என்னைப் பார்த்துவிட்டது.

மேலேயிருந்து ஆள் வந்தால் மிளா கீழேதான் பாயும். எனக்குத் தெரியாததா அது? மூன்று காலில் பாய்ந்து ஓடையில் விழுந்தது. நான் போவதற்குள் தலை தண்ணீருக்குள். தூக்கி மடியில் வைத்தேன். டாக்டர் அதன் நெஞ்சை அமுக்கினார். வெகுநேரம் அமுக்கினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. கட்டரை எடுத்து, செத்த மிளாவின் காலில் இருந்த கம்பியை வெட்டினார். புண்ணையும் கழுவினார்.

ஆபீசில் அதிகாரி கேட்டபோது, “மயக்கத்துல வெள்ளத்துல வீணு, சாரே” என்று மட்டும் டாக்டர் சொன்னார், அது தானாகத் தண்ணீரில் விழுந்ததுபோல. நான் வாசல் வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பி வந்து, “நான் எந்திரிச்சு ஓடினதாலதான் சாரே விழுந்துச்சு” என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

நான் உட்கார்ந்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் யாருக்காவது உதவ என்று பதறி எழும்போதெல்லாம், இது அவர்களுக்காகவா, என் பயம் தாங்காமலா என்று இன்றும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.