அத்தான் பக்கம் திருப்பி வைத்த மீட்டர்

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அக்கா அதன் முன்சக்கரம் ஒன்றை ஓர் உதை உதைப்பாள். காற்று இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். நான்கு சக்கரம் இருக்க, அந்த ஒன்றை மட்டும் ஏன் உதைக்கிறாய் என்று கேட்டால், "மத்த மூணும் அதப் பாத்துப் பயந்துக்கும்" என்பாள். பிறகு இருக்கையைத் துணியால் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, வெறுங்காலால் மிதியை அழுத்துவாள். செருப்புப் போட்டு ஓட்டினால் வண்டியின் மனசு தெரியாது என்பது அவள் கட்சி.

அவள் ஓட்டுவது பேட்டரி வண்டி. கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களையும் அவர்களுடைய மட்டைகளையும் சுமந்து களைத்துப்போன ஒன்றை எங்கள் குடியிருப்புச் சங்கம் வாங்கிப் போட்டிருக்கிறது. குடியிருப்பு ஒரு சரிவில் இருக்கிறது. அடியில் வாசல், நடுவில் வீடுகள், உச்சியில் பூங்கா. முட்டிவலிக்காரர்களையும் காய்கறிப் பைகளையும் மேலே ஏற்றிக் கீழே இறக்குவது அக்காவின் வேலை. எல்லோரும் அவளைப் 'பைலட் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பைலட்டின் தம்பி என்பதால் வாசலில் வாட்ச்மேன் எனக்கும் வணக்கம் வைக்கிறார். இத்தனை வருஷம் பத்திரிகையில் எழுதியதற்கு அவர் ஒரு தடவைகூட வைத்ததில்லை.

முன்பு அவள் தையல்காரி. இடுப்பு வலி வந்து தையல் மெஷினை விட்டாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மிதிக்கிறது ஒண்ணுதான். அப்ப மெஷின மிதிச்சேன், இப்ப வண்டிய மிதிக்கிறேன்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள். பழைய தொழில் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏற வருகிறவரைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்ப்பாள், இடுப்பளவு தெரிந்துவிடும். "நீங்க முன்னாடி வாங்க. ஒல்லியெல்லாம் பின்னாடி போங்க." கனம் முன்னால் இருந்தால்தான் ஏற்றத்தில் வண்டி நேராகப் போகும் என்பாள். உண்மையா என்று யாரும் கேட்டதில்லை, கேட்கிற துணிச்சல் எங்களுக்கு இல்லை.

எனக்கு எப்போதும் பின் இருக்கைதான். அந்த இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். வண்டி எங்கே போகிறது என்பது தெரியாது, எங்கிருந்து வந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். "உனக்கு அதான்டா சரி. வந்த வழியப் பாத்துக்கிட்டே வா, அதுல நீ தப்புப் பண்ண முடியாது" என்று உட்கார வைப்பாள். என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக நான்கூட எழுதியதில்லை.

சாயங்காலக் கடைசி நடை அத்தானுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அத்தான் என்றால் அக்காவின் கணவர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தால்தான் வரும். பூங்காவில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடை பழகுவார். கூடவே பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்து, அவர் நடைக்கு ஏதாவது குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனுஷர் காலையில் முகச்சவரம் செய்துகொண்டார்.

போன மாதம் அந்த ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியில் துளி உயிர் இல்லை. ஆனால் முன்பலகையில் சார்ஜ் காட்டும் முள் மட்டும், பாதி இருக்கிறது, பாதி இருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேனும் பால்காரரும் நானும் தள்ளினோம். நான் தள்ளினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி கூடவே நடந்தேன். அத்தான் உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டிய பஸ்ஸிலிருந்து ஒருநாளும் ஒரு பயணி இறங்கித் தள்ளியதில்லை. இன்றைக்கு அவர் உட்கார்ந்திருக்க, ஊர் தள்ளுகிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு சொல் சொன்னார். "வேணாம்."

அதன்பிறகு அவர் வண்டியில் ஏறவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சவரமும் நின்றது. இப்படியே இருந்தால் திரும்பி வந்த கொஞ்சநஞ்சமும் போய்விடும், கால் மடங்காமல் விறைத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடப்பேன் என்று மிரட்டினாள். கடைசியில் அவரிடமிருந்து இரண்டு சொல் கிடைத்தது. "முள்ளு... பொய்."

"அவர் சொல்றதுல என்னடா தப்பு?" என்று என்னிடம் வந்தாள். "கட்டின புருஷன நடுரோட்டுல உக்கார வெச்சிட்டு, தள்ளுங்க தள்ளுங்கன்னு ஏலம் போட்டிருக்கேன். நான் பைலட்டாம். தூ."

மெக்கானிக் வந்து பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று போட்டுக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்பது எண்ணாகவே தெரியும் என்றும், ஏற்றத்தில் எண் இறங்கும், வண்டி நின்றதும் ஏறிவிடும், அதற்குப் பயப்படக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து தானே மாட்டித் தருவதாகவும் சொன்னார். அவருடைய அடுத்த வாரத்தை நாங்கள் அறிவோம். அக்கா கடைக்குப் போய்த் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை வாங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிக் கொட்டகையில் வேலை தொடங்கியது. மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே போவதோடு சரி. ஆகவே டார்ச் பிடிக்கும் பொறுப்பை எனக்குத் தந்தாள். பேட்டரி முனையில் உலோகம் பட்டால் பொறி பறக்கும் என்று ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றியிருந்தாள். பிறகு கையிலிருந்த வளையல்களைக் கழற்றினாள். வைக்க இடம் தேடினாள், கிடைக்கவில்லை, என் கையில் மாட்டிவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் வளையலும் ஒரு கையில் டார்ச்சுமாக நான் நின்றேன். "சாருக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வணக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இருக்கையைத் தூக்கினால் அடியில் ஆறு பேட்டரிகள். அக்கா சிவப்பு ஒயருக்குப் 'போறவன்' என்றும் கறுப்புக்கு 'வர்றவன்' என்றும் பெயர் வைத்திருந்தாள். "போறவன் இங்க, வர்றவன் இங்க... டேய், என் மூஞ்சில என்னடா வெளிச்சம்? எனக்குள்ள ஒண்ணும் இல்ல, பேட்டரிக்குள்ள காட்டு." ஒயர்களைத் தொட்டாள். மீட்டரில் சிவப்பாக எண் எரிந்தது. எட்டு.

நாற்பத்தெட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, செத்துப்போச்சுக்கா" என்றேன். சாவு வீட்டில் பேசுகிற குரல் எனக்கு இயல்பாக வரும். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு ஒயரையும் ஒரே பேட்டரியில் வைத்திருந்தாள். ஆறும் கைகோத்து நிற்கின்றன, அவள் ஒன்றை மட்டும் அளந்திருக்கிறாள்.

"ஆறு முழத் துணியில ஒரு முழத்த அளந்துட்டு, துணி பத்தலயேன்னு ஒப்பாரி வெச்சிருக்கேன்டா. இத்தன வருஷம் தைச்சு என்ன பிரயோஜனம்?"

முதல் பேட்டரியின் முனையில் ஒன்று, கடைசி பேட்டரியின் முனையில் ஒன்று என்று மாற்றி வைத்தாள். ஐம்பத்தொன்று. சிவப்பு ஒயரின் நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்தாள், சாவி போட்டால்தான் மீட்டர் எரிய வேண்டும் என்று சாவி வழியாகவே அதைக் கொண்டுபோனாள். பிறகு செய்ததுதான் அவள் கைவேலை. ஒயர்களைத் தொங்கவிடாமல், வண்டியின் அடிவிளிம்பு நெடுக, மெழுகு தடவிய நூலால் சாண் சாணாகக் கட்டிக்கொண்டே போனாள். பார்த்தால் பாவாடை ஓரம் மடித்துத் தைத்ததுபோல இருக்கிறது. அதற்கே ஒரு மத்தியானம் போய்விட்டது.

முன்பலகையில் மீட்டரை ஒட்டும்போதுதான் கவனித்தேன். அதை ஓட்டுகிறவர் பக்கம் வைக்காமல், பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். சாய்வுக்கு முட்டுக்கொடுக்க ஒரு ரப்பர் துண்டு தேவைப்பட்டது. என் செருப்பின் குதிகாலிலிருந்து அறுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறேன்.

"உன் பக்கம் வைக்கலையா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குடா? நம்பிக்கை போனது அவருக்கு. அவர் பாக்கட்டும்."

சவாரி இல்லாத வேளைகளில் வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, சாவியைப் போட்டு வைத்தாள். சிவப்பு எண் அத்தானைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் எண் இறங்கும், நின்றால் ஏறிவிடும் என்று அவருக்கும் பாடம் எடுத்தாள், எனக்கும் எடுத்தாள், ஏறி இறங்கிய முட்டிவலிக்காரர்கள் அத்தனை பேருக்கும் எடுத்தாள். அத்தான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை. ஒருநாள் காலையில் அவர் தாடையைத் தடவிக்கொண்டு சவரப்பெட்டியைக் கேட்டார். அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். "வாடா. பின்னாடி கனம் வேணும்." நான் ஒல்லிகளில் சேர்த்தி என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

சாயங்காலம் அத்தான் ஏறி உட்கார்ந்தார். புது பஸ்ஸைச் சோதிப்பதுபோல இடது கை விரலால் மீட்டரை ஒரு தட்டுத் தட்டினார். எண் அசையவில்லை, திருப்தியாகத் தலையாட்டினார். அக்கா சக்கரத்தை உதைத்தாள். நான் பின்னால், உலகத்துக்கு முகத்தையும் அவர்களுக்கு முதுகையும் காட்டி உட்கார்ந்தேன்.

அக்கா கழுத்தை நீட்டி நீட்டி எண்ணைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டே ஓட்டினாள். "அம்பத்தொண்ணு, பாத்தீங்களா? அம்பது. இது ஏத்தம், குறையத்தான் செய்யும். நாப்பத்தொம்பது." கொஞ்ச தூரத்தில் குரல் மெலிந்தது. "நாப்பத்தேழு." பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நான் இருக்கையில் முட்டி போட்டுத் திரும்பினேன். நாற்பத்தாறு. போன மாதம் நின்ற அதே இடம். மிதியிலிருந்து அக்காவின் கால் எழுந்துவிட்டது. பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்திவிட்டாள்.

நின்றதும் எண் மளமளவென்று மேலே ஏறி ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாளே, அதேதான். ஆனால் அந்தக் கால் மறுபடி இறங்கவில்லை. அக்கா பயந்து நான் பார்த்ததில்லை.

"என்னங்க," என்றாள். "மெதுவா பின்னாலயே விட்டுடட்டுமா? வீட்டுக்கே போயிடலாம்."

ஆபத்தில் உதவுகிறவன் என்ற முறையில் நான் உடனே வாயைத் திறந்தேன். "ஆமாக்கா, போயிடலாம்."

அத்தான் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையை, இடது கையால் ஒரு பொட்டலத்தைத் தூக்குவதுபோலத் தூக்கினார். மெதுவாகக் கொண்டுபோய் மீட்டரின் மேல் வைத்தார். அது நழுவப் பார்த்தது. நழுவாமல் இடது கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். எண் மறைந்துவிட்டது. விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் சிவப்பு மட்டும் கசிந்தது.

"போ," என்றார்.

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். வெறுங்கால் மிதியின் மேல் இறங்கியது. பூங்கா வரும்வரை அத்தான் கையை எடுக்கவில்லை.