இரண்டாம் முறை கேட்டது நான்

என் அக்காள் புருஷன் திருடவில்லை. அவரைத் திருடன் ஆக்கியது நான் எழுதிய நிரல். அது தெரிந்தும் வாயைத் திறக்காதவன் நான்!

சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள்... இறங்கவில்லை.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே நிரல் எழுதும் வேலை எனக்கு. ஊரெல்லாம் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள். டிரைலர் லாரி உள்ளே போய்க் கன்டெய்னர் பெட்டி ஏற்ற ஒரு சீட்டு வேண்டும். கேட்டில் இருப்பவர் வண்டி நம்பரைத் தட்டுவார். என் வலைச் செயலி உள்ளே இருக்கும் பெரிய சர்வரிடம் கேட்கும். சர்வர் ஒரு பெட்டியை ஒதுக்கி, ஜன்னலோரத்துப் பிரின்டரில் சீட்டை அடித்துவிட்டு, 'சரி' என்று பதில் அனுப்பும். சீட்டு விழுந்ததும் டிரைவரே ஜன்னலுக்குள் கையை விட்டு உருவிக்கொள்வார். அங்கே அதுதான் வழக்கம். உள்ளே சீட்டை மட்டும்தான் பார்ப்பார்கள், வண்டி நம்பரைப் பார்ப்பதில்லை.

கேள்வியைச் சுமந்துபோய்ப் பதிலோடு திரும்பும் பகுதிக்கு எச்.டி.டி.பி. கிளையன்ட் என்று பெயர். நிரல் எழுத உதவும் பிரேம்வொர்க்கிலேயே தயாராகக் கிடைக்கும். பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருப்பது, வராவிட்டால் மறுபடி கேட்பதா வேண்டாமா... இதை மட்டும் அமைப்புக் கோப்பில் நாம் எழுத வேண்டும். இரண்டே வரி. அந்த இரண்டு வரியில்தான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்!

முதலில் முப்பது விநாடி என்றுதான் வைத்திருந்தேன். லைன் அறுந்துபோகும் நாட்களில் திரை அப்படியே உறைந்து நிற்கும். வரிசையில் நிற்கும் டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் ஹார்னை அழுத்தினால் எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க அலறும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாமாவின் கேலியைத்தான் தாங்க முடியவில்லை.

மாமா ஏழுமலை, அதாவது என் அக்காள் புருஷன், அந்த வரிசையில் நிற்கும் டிரைலர் டிரைவர்களில் ஒருவர். எல்லார் முன்னாலும் கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்.

"இன்னா மச்சான், உன் கம்ப்யூட்டரு தூங்கினுகீதா? ஹார்ன் அட்ச்சி எழுப்பட்டா?"

சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன் நான்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கே முப்பதை ஐந்தாக்கினேன். பதில் வராவிட்டால் மறுபடியும் கேள் என்று எழுதினேன். என் மேசையில் வைத்துச் சோதித்தேன், பறந்தது. மெதுவான லைனில் சோதிக்கவே இல்லை. ஹார்ன் சத்தம் நின்றது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பதில் வரவில்லை என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை என்று நினைத்தேன். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தாமதமானால்? அதை நான் யோசிக்கவே இல்லையே!

ஒரு மழை நாளில் அதுதான் நடந்தது. மாமாவுக்குச் சீட்டு விழுந்தது. உருவிக்கொண்டு உள்ளே போனார். 'சரி' என்ற பதில் மட்டும் வழியில் சிக்கிக்கொண்டது. என் நிரல் பொறுக்காமல் மறுபடி கேட்டது. சர்வர் இன்னொரு பெட்டியை அவர் பெயருக்கே ஒதுக்கி இன்னொரு சீட்டை அடித்தது. எவனோ அதை உருவிக்கொண்டு பெட்டியோடு போய்விட்டான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

கணக்கில் இருந்தது மாமாவின் வண்டி நம்பர். இரண்டு சீட்டு வாங்கி ஒன்றை விற்றுவிட்டார் என்றார்கள்.

என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லி மேனேஜர் என்னிடம் சொன்னார். சர்வரின் பதிவைத் திறந்தேன். இரண்டு கேள்விகளுக்கும் நடுவே சரியாக ஐந்து விநாடி. நான் எழுதிய அதே ஐந்து! "ரெண்டு தடவை கேட்டிருக்கு சார்" என்றேன். யார் கேட்டது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தை மறுபடி முப்பதாக்கினேன். 'மறுபடி கேள்' என்ற வரியை அழித்தேன். ஒருவருக்கும் தெரியாமல்!

மாமாவை எந்த யார்டிலும் சேர்க்கவில்லை. என்னைத் தேடி வந்தார். அந்தக் கேலிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், வேல போனா போவுது. நான் ஒரு தபாதான் வாங்கினேன்னு உங்கக்காகிட்ட மட்டும் சொல்லுடா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

சொல்லியிருக்கலாம் அல்லவா? அக்காவிடம் சொன்னால் என் வேலையா போய்விடும்? ஆனால் அக்காவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் யார்டுக்குத் தெரியும் என்று பயந்தேன். சீ... அதுகூடப் பாதிப் பொய். படித்தவன் என்ற பெயர் போய்விடும் என்றுதான் பயந்தேன்.

அக்கா வந்து நேராகவே கேட்டாள்.

"நீ படிச்சவன். நெஜத்த சொல்லு தம்பி. அந்தாளு எட்த்தாரா, இல்லியா?"

"மிஷின்ல ரெண்டு தபா அவரு நம்பர் கீதுக்கா. மிஷின் பொய் சொல்லாது."

அவள் அழவில்லை. அந்த வாரமே துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாமா சடையங்குப்பத்தில் தனியாக இருக்கிறார். மூட்டை இறக்கும் வேலைக்குப் போகிறாராம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டார். என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்! அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்கக்கா நல்லா கீதா?"

தலையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அக்கா இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ மட்டும் அன்னிக்கு நெஜத்த சொல்லலன்னா, அந்தத் திருடனோட இன்னும் குடுத்தனம் பண்ணிகினு இருந்திருப்பேன். நீ நல்லா இருக்கணும்டா."

குனிந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.