எட்டுக்கால் பூச்சிக்கு ஆயா வேலை

எட்டுக்கால் பூச்சி வளர்ப்பது நாய், பூனை வளர்ப்பது மாதிரி இல்லை. நாம்தான் தீனி போடுகிறோம் என்பது கடைசி வரைக்கும் அதற்குத் தெரியாது.

இதை நான் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றை முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேன். பூச்சி இருந்ததைவிடப் பெரியதாகிவிடும். மகள் வாசித்துவிட்டு, "அப்படியாம்மா நடந்துச்சு?" என்பாள். ஆனாலும், பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போன கிளிக்கும் மீனுக்கும் முயலுக்கும் ஆயா வேலை பார்க்கிற அம்மாமார்கள் ஊருக்கு ஊர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

வந்த விதம்

எங்கள் வீடு சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில். நான் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் கவிதா மதுரையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் வைத்திருந்த ஒரு பெரிய மயிர்ச்சிலந்தி குஞ்சு பொரித்ததாம். ஆளுக்கு ஒரு குஞ்சை எடுத்து வளர்த்து, அது வளர்கிற விதத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஹாஸ்டல் வார்டன் பார்த்துவிட்டு, ஒன்று அது இருக்கட்டும், இல்லை நீ இரு என்று சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறைக்கு வந்தவள், ஊறுகாய் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்தாள். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே தேங்காய் நார்த்தூள். அதன்மேல் காலோடு சேர்த்து எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு பூச்சி.

பேர் டாரன்டுலா என்றாள். உடம்பெல்லாம் மெத்து மெத்தென்று பழுப்பு மயிர் இருந்ததால் 'பட்டு' என்று கூப்பிட்டாள். கையால் தொடாதே, கடித்தால் வலி உயிர் போகும். சின்னக் கரப்பானாகப் பிடித்துப் போடு. பாட்டில் மூடியில் தண்ணீர் வை. பூச்சி மருந்து வாடையே ஆகாது. இத்தனையும் சொல்லிவிட்டு, "பரீட்சை முடியிற வரைக்கும் உயிரோட வச்சிரும்மா. இது செத்தா என் பிராஜெக்டும் போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பஸ் ஏறிப் போன பிறகு வீட்டுக்காரர் டப்பாவைக் குனிந்து பார்த்தார்.

"ஏ புள்ள, நமக்குப் பேத்தின்னு இதைத்தான் குடுத்து விட்டிருக்கா."

தீனி தேடிப் போனது

என் வீட்டில் கரப்பான் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு எதைக் கண்டாலும் பயம் என்பதால் மூலைக்கு மூலை பூச்சிச் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருப்பேன். அதில் மயங்கிக் கிடப்பதை எடுத்துப் போட்டால் பட்டுவும் போய்விடும். அதனால் பக்கத்து வீட்டு ஜெயாவிடம் கேட்போம் என்று போனேன். வாசலில் நின்றே, "ஜெயா, உங்க வீட்டுல சின்னக் கரப்பானா ஒண்ணு ரெண்டு இருக்குமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

உள்ளே சாத்தூரிலிருந்து அவள் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். "அதெல்லாம் எங்க வீட்டுல ஏதுக்கா!" என்று ஜெயா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஊர்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பொண்ணுக்கு வந்த இடத்தைக் கெடுத்துவிட்டேனே என்று கஞ்சி இறங்கவில்லை. வந்தவர்கள் கார் ஏறிப் போனதும் பின்வாசலில் ஜெயா நின்றாள். கையில் ஒரு தீப்பெட்டி. உள்ளே ஏதோ பிறாண்டுகிற சத்தம்.

"இந்தாங்கக்கா, அடுப்புக்குப் பின்னால கிடந்துச்சு. எங்க வீட்டுதுன்னு மட்டும் வெளிய சொல்லிராதீக."

இருக்கன்குடியில்

திடீரென்று பட்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கரப்பானைப் போட்டால் காலைத் தூக்கி ஒதுங்கிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னுகிற வெடியை எண்ணும்போது கணக்கு மறந்து திரும்ப எண்ணினேன். கவிதாவிடம் சொன்னால் படிப்பு கெடும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி இருக்கன்குடி மாரியாத்தாளிடம் போய்விட்டேன்.

நோய் தீர உருவம் வாங்கிப் போடுவார்களே, அந்தக் கடையில் தகட்டில் கண், கை, கால், பாம்பு, தேள் எல்லாம் இருந்தது. எட்டுக்கால் பூச்சி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர், "கடிச்சிருச்சாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். இல்லை என்றேன். "பின்னே?" "சாப்பிட மாட்டேங்குது." பின்னால் முடி இறக்கக் குழந்தையோடு நின்ற குடும்பம் மொத்தமும் என்னைப் பார்த்தது. முந்தானையால் முகத்தைத் துடைப்பது மாதிரி மறைத்துக்கொண்டேன். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தேள் தகட்டை எடுத்துக் கொடுத்தார்.

"தேளுக்கும் எட்டுக் காலுதாம்மா. கொடுக்கை மட்டும் மடக்கிப் போடுங்க, ஆத்தா புரிஞ்சுக்கிருவா."

துட்டி வீடு

இருக்கன்குடி போய் வந்த இரண்டாம் நாள் டப்பாவைப் பார்த்தால் பட்டு மல்லாக்கக் கிடந்தது. எட்டுக் காலும் மேலே. தட்டினேன், அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூச்சிக்காக இல்லை, கவிதாவுக்கு என்ன சொல்வது என்று. கடைக்கு ஓடி ஒரு ரூபாய் போனில் ஹாஸ்டலுக்குப் பேசினேன். "பட்டு நம்மள விட்டுட்டுப் போயிருச்சுத்தா" என்றதும் அந்தப் பக்கம் அவள் அழுத அழுகையில் காசு தீர்ந்து போன் கட்டாகிவிட்டது. வேறு சில்லறை இல்லை.

என்னோடு ஒரே அறையில் வெடி பின்னுகிற பேச்சியம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். வந்தவள் சாவு வீட்டுக்குப் போகிற வழக்கம் மாறாமல் காபித்தூளும் சீனியும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேருமாக முருங்கை மரத்தடியில் ஒரு குழி தோண்டினோம். எடுத்துப் போடலாம் என்று மூடியைத் திறந்தால், உள்ளே இரண்டு பட்டு. ஒன்று வெறும் கூடு. பக்கத்தில் இன்னொன்று, முன்னைவிடப் பெரியதாக, வெளுத்துப் போய், புதிதாக உட்கார்ந்திருந்தது. தோல் உரிக்கப் போகிற பூச்சி சாப்பிடாதாம். மல்லாக்கப் படுத்துத்தான் உரிக்குமாம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. திரும்பவும் சில்லறை மாற்றிக்கொண்டு ஓடினேன். கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அம்மா, இனிமே செத்துப்போச்சுன்னு சொல்லணும்னா அப்பாவைப் பேசச் சொல்லு."

புகை போட்ட நாள்

சிக்குன்குனியா வந்து ஊரே முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம் அது. கொசுவுக்குத் தெருத்தெருவாகப் புகை அடிக்க வருகிறார்கள் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். மருந்து வாடை ஆகாது என்று கவிதா சொன்னது நினைவுக்கு வந்தது. இவ்வளவு தூரம் காப்பாற்றியதைப் புகையில் விடுவதா என்று டப்பாவைத் துணியில் சுற்றி, சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் வயர் கூடையில் வைத்துக் கம்பெனிக்கே கொண்டுபோய்விட்டேன்.

வாசலில் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். என் கூடையை, சோறுதானே என்று விட்டுவிட்டார்கள். எல்லோர் கூடையும் அறைகளுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருக்கும். அங்கே என்ன வழக்கமென்றால், ஒருத்தி டப்பாவை இன்னொருத்தி கேட்காமல் திறப்பாள். இன்றைக்கு யார் வீட்டில் என்ன துவையல் என்று டீ நேரத்திலேயே மோந்து பார்த்து வைத்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இருந்தும் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

டீ குடித்துவிட்டு எல்லோரும் உள்ளே போன பிறகு, மனசு கேட்காமல் கூடையைப் பார்க்கப் போனேன். துணி கலைந்திருந்தது. மூடி சரியாக அமுங்கவில்லை. டப்பா காலி. திறந்தவள் சேலையில் ஏறி அறைக்குள்ளேயே போயிருக்குமோ என்று தோன்றியது.

எங்கள் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூல் சேலைதான் கட்ட வேண்டும், செருப்பு கூடாது, உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். மருந்து அடைத்த வெடிகள் மடியைச் சுற்றிக் குவிந்திருக்கும். அதற்குள் யாரும் ஓடக்கூடாது, பதறி எழுந்திருக்கக்கூடாது. ஒன்று உரசினால் போதும். ஒரு பொம்பளை பூச்சியைப் பார்த்துத் துள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓடவும் முடியாமல் நடந்து போய் வாசலில் நின்றேன். உள்ளே நாலு பேரும் குனிந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் மெதுவா வெளிய வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஏன் என்று கேட்பார்களே, நான் கொண்டுவந்தேன் என்று சொல்ல வேண்டுமே என்று வாய் ஒட்டிக்கொண்டது. உயிர் போகிற இடத்தில் எனக்கு வெட்கம் வந்து நின்றது.

பேச்சியம்மாதான் பேசினாள். தலையைத் தூக்கவில்லை, கையிலிருந்த திரியை விடவில்லை. "மதினி, உங்க பேத்தி என் தோளுல உக்காந்திருக்கா. மெல்ல வந்து கூட்டிட்டுப் போங்க." மற்ற மூன்று பேரையும் அவளே ஒவ்வொருத்தராக, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் எழுப்பி வெளியே அனுப்பினாள். காலி அட்டைப்பெட்டி ஒன்றை அவள் தோளில் சாய்த்துப் பிடித்தேன். அவள் தோள் ஆடவேயில்லை. பட்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பெட்டிக்குள் போனது. வெளியே வந்த பிறகுதான் பேச்சி மரத்தடியில் உட்கார்ந்து நடுங்கினாள். என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"மதினி, எனக்குப் பூச்சியைக் கண்டு பயம் வரல. நீங்க வாசல்ல வாயைத் தொறக்காம நின்னீக பாருங்க, அதைக் கண்டுதான் பயந்துட்டேன்."

இடம் மாறியது

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் போர்மேன் அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரரை வரவழைத்துப் பூச்சியைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். மறுநாள் நானே அவரிடம் போனேன். "அண்ணாச்சி, என்னைய மருந்துகிட்ட உக்கார வைக்காதீக. காகிதக் குழாய் சுத்துற செட்டுக்கு மாத்திருங்க" என்றேன்.

"அங்கன கூலி கம்மிம்மா. பூச்சிதான் வீட்டுக்குப் போயிருச்சுல்ல?"

"அது போயிருச்சு, அண்ணாச்சி. என் நெனப்பு அது பின்னாலயே போயிருதே. சாப்டுச்சா, மூடி சரியா இருக்கான்னு. வெடியைக் கையில வச்சிக்கிட்டு இப்படி நெனச்சிக்கிட்டிருக்கக் கூடாதுல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குழாய் செட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மருந்து கிடையாது, பசையும் காகிதமும்தான். எவ்வளவு வேண்டுமானாலும் கவலைப்படலாம். கவிதா பரீட்சை முடிந்து வந்து பட்டுவை உயிரோடு வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் அந்த அறைக்குத் திரும்பிப் போகவில்லை. ஒன்று போனால் இன்னொன்றை நினைத்துக் கவலைப்படுகிறவள் என்று என்னை எனக்குத் தெரிந்துவிட்டது. இடம் மாற்றித் தந்த அன்றைக்கு அண்ணாச்சி சொன்னது இது:

"நான் பூச்சியைத்தான் வெளிய அனுப்புனேன். நீ உன்னையே அனுப்பிக்கிட்ட, அதுதான் நல்லது."

எங்கள் கம்பெனியில் முட்டிவலியால் இடம் மாறியவர்கள் உண்டு, மாமியார் சண்டையால் மாறியவர்களும் உண்டு, எட்டுக்கால் பூச்சியால் மாறியவள் நான் ஒருத்திதான்.