ஓட்டை அண்டாவில் கிடந்த போல்ட்டு

பேத்தியின் பிறந்தநாளுக்கு செஞ்சி கடைவீதியில் சக்கரம் வைத்த ரப்பர் யானை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். என் மகள் அதை உடனே குழந்தையிடம் கொடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பி, அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். சக்கரம் கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமாம். பெரியவர்கள் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். "ஏம்மா, பார்த்து வாங்க மாட்டியா?" என்று என்னைக் கேட்டாள். அந்த யானையின் தந்தத்தைக்கூட மழுங்கடித்து வைத்திருந்தார்கள். அதனிடமிருந்து ஒரு பிள்ளைக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை.

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது வலது புருவத்தின் நடுவே முடி முளைக்காத அந்தக் கோடு கண்ணில் பட்டது. என் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அது என் தாய்மாமன் எனக்குக் கொடுத்த பரிசு. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கிடைத்தது.

அம்மாவின் பிறந்த ஊர் தொண்டூர். தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்ட பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு தம்பிதான். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவர் லாரியில் கிளீனராக இருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செஞ்சி மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் லாரி அது. என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் அதே மண்டியில் எடை போடுகிறவர். அதனால் லோடு ஏற்ற வரும்போதெல்லாம் மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். அதுதான் அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை.

மற்றப் பிள்ளைகளின் மாமன்கள் ரிப்பனும் பிஸ்கட்டும் வாங்கி வருவார்கள். என் மாமா லாரியிலிருந்து கழன்று விழுந்ததையெல்லாம் கொண்டுவருவார். ஒரு முறை பம்பரம் கொடுத்தார். அதிலிருந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, லாரிப் பலகையில் அடிக்கிற ஆணியை இறக்கியிருந்தார். அது எதிராளியின் பம்பரத்தை இரண்டாகப் பிளந்த கையோடு என் கால் கட்டைவிரலையும் ஒரு கை பார்த்தது. இன்னொரு முறை பூதக்கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு மத்தியானத் தூக்கத்திலிருந்த நைனாவின் வேட்டியில் வெயிலைக் குவித்தேன். எழுந்து உட்கார்ந்த நைனா வேட்டியில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மச்சான் வந்துட்டுப் போனாரா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா அப்படி விடமாட்டாள். ரத்தமோ புகையோ வந்த சாமான் எதுவானாலும் பிடுங்கி, பரண்மேல் இருந்த ஓட்டை அண்டாவுக்குள் போட்டுவிடுவாள். அதுதான் எங்கள் வீட்டு ஜெயில். பம்பரம், பூதக்கண்ணாடி, சைக்கிள் டியூபில் செய்த உண்டிவில் எல்லாம் ஆயுள் தண்டனைக் கைதிகளாக அதற்குள் கிடந்தன.

அவற்றில் எனக்கு உயிராக இருந்தது போல்ட்டு. லாரி போல்ட்டு, ஒரு முழு வாழைக்காய் கனம். அதன் நட்டுக்குள் பொட்டு வெடியை வைத்து இறுக்கித் தூக்கிப் போட்டால், பாறையில் விழுந்து வெடிக்கும். எங்கள் ஊரில் பாறைக்கா பஞ்சம்? கோட்டை அடிவாரத்துக்குப் போய் மாமா அதை வீசுவார். இந்தப் பக்கம் ஒரு வெடி, ராஜகிரி மலையிலிருந்து திரும்பி ஒரு வெடி. குரங்குகள் குட்டியை வாரிக்கொண்டு ஓடும். கோட்டை நம்ம கைக்கு வந்துட்டுது என்று மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். ஒரு நாள் வீட்டு வாசலிலேயே வீசப்போக, கையோடு பிடித்துவிட்டாள் அம்மா. போல்ட்டும் அண்டாவுக்குள் போனது.

அதோடு மாமா திருந்தியிருக்கலாம். அடுத்த முறை சோடா மூடியோடு வந்தார். சோடா மூடியை பஸ் சக்கரத்தில் வைத்து நசுக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து இழுத்து விர்ரென்று சுற்றவிடுவது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற விளையாட்டுதான். மாமா அதை லோடு ஏற்றிய லாரியின் அடியில் வைத்து நசுக்கியிருந்தார். போதாதற்கு, விளிம்பு முழுக்க அரத்தால் பல் வைத்திருந்தார். எதிராளியின் நூலை ஒரே இழுப்பில் அறுத்துவிடுமாம். முற்றத்தில் எனக்கு அதைச் சுற்றிக் காட்டினார். நானும் வாங்கிச் சுற்றினேன். என்ன அழகாகச் சுற்றியது தெரியுமா! அதன் சத்தத்தில் கை முழுக்கக் கூசியது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காற்று வாங்கினேன். அந்த நேரம் பார்த்து நூல் அறுந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் அம்மாவும் மாமாவும் நின்றார்கள். மாமாவின் சட்டை முழுக்க என் ரத்தம்.

"கண்ணு போயிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப? உன் கண்ண புடுங்கி வெச்சிருப்பியா?"

"வெச்சிருப்பேன்க்கா."

அவர் மனசாரத்தான் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அது எதிர்த்துப் பேசியதுபோல் பட்டுவிட்டது. "இனிமே என் வாசப்படிய மிதிச்ச, நான் உனக்கு அக்காவே இல்ல. போடா" என்றாள். மாமா போனார். நூல் தொங்கும் அந்தச் சோடா மூடி மறுநாள் அண்டாவுக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு வருஷத்துக்குமேல் மாமா வரவில்லை. லாரி மட்டும் எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போகும். தாண்டும்போது நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக இரண்டு. கிளீனர் கையில் ஹாரன் எப்படி வந்தது என்று தெரியவில்லை, டிரைவரிடம் கெஞ்சியிருப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அம்மியில் அரைப்பதை நிறுத்துவாள். ஹாரன் ஓய்ந்ததும் இரண்டு மடங்கு வேகத்தில் அரைப்பாள். கூப்பிடு என்று சொல்ல நைனாவுக்குத் தைரியம் இல்லை. எனக்கு மாமா மேல் ஒரு துளி கோபமும் இல்லை, அவர் இல்லாமல் வீடு சப்பென்று இருந்தது. ஆனால் அம்மா என் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் இறுகுவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் நான் பெரியவளானேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் பச்சை ஓலையில் குடிசை கட்டி அதில் உட்காரவைப்பார்கள். ஓலையைத் தாய்மாமன் கொண்டுவந்து, தன் கையாலேயே கட்ட வேண்டும். மாமன் வராவிட்டால் பேச்சு பெண்ணின் தாய்க்குத்தான். பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்று சபையில் சொல்லிவிடுவார்கள். அத்தை, அதாவது நைனாவின் அக்கா, வந்ததும் வராததுமாக அதைத்தான் எடுத்தாள்.

"ஓலைக்கு ஆரு? வல்லத்துல உன் பெரியப்பா மவன் இருக்கறானே, அவனுக்குச் சொல்லட்டா?"

"சொல்லு" என்றாள் அம்மா. முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

பின்கட்டு மூலையில் பலகை போட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்தே கத்தினேன். "வேற எவனாவது கட்டுனா நான் உள்ள போவ மாட்டேன். வெயில்லயே உக்காருவேன்." அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்தது இரும்பு. காத்து கருப்பு அண்டாமல் இருக்க, குடிசையில் உட்காருகிற பெண்ணின் கையில் ஏதாவது இரும்பு கொடுத்து வைப்பார்கள். நைனா அரிவாளை எடுத்து வந்தார். "அரிவாளா? தூக்கத்துல கைய அறுத்துக்குவா" என்றாள் அம்மா. கத்தி கொண்டுவந்தார். அதுவும் கூடாது. ஆணி? மிதித்துவிடுவாளாம். ஊரெல்லாம் அரிவாளை மடியில் வைத்து உட்காரவைக்கும்போது, என் அம்மாவுக்கு மட்டும் குத்தாத வெட்டாத இரும்பு வேண்டியிருந்தது. கடைசியில் அவளே ஏணி வைத்துப் பரண்மேல் ஏறினாள். அண்டா உருளுகிற சத்தம் கேட்டது. இறங்கி வந்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, என் மடியில் ஒன்றை வைத்தாள். லாரி போல்ட்டு.

நான் அவளைப் பார்த்தேன். "இதான் மழுங்கலா இருக்குது" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நைனாவிடம், "தொண்டூருக்குப் போறதா இருந்தா போய்ட்டு வாங்க. நான் கூப்ட்டதா மட்டும் சொல்ல வேணாம்" என்றாள். நைனா வெற்றிலை பாக்கைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்த வேகத்தில், செருப்பை மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தெரு முனையில் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. இந்த முறை லாரி நின்றது. மூட்டைக்குப் பதில் மேலே பச்சைத் தென்னை ஓலை. வாசலில் நைனா வாங்க வாங்க என்று கூப்பிடுவது கேட்டது, ஆனால் மாமா உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து வேலிப்பக்கம் ஓலைக்கட்டு ஒன்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே மாமா வேலியைத் தாண்டிக் குதித்தார். முள்ளில் வேட்டி கிழிந்தது.

"இன்னாடா இது, வாசல் வழியா வராம?" என்று அத்தை அதட்டினாள்.

"வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்குது" என்றார் மாமா.

சமையலறை ஜன்னலில் அம்மாவின் புடவை தெரிந்தது. அவளுக்குக் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் வெளியே வரவில்லை. மாமாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொம்பு நட்டு, ஓலையை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினார். நடுவில் ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தார். பார்வை என் புருவத்துக்குப் போய் உடனே கீழே இறங்கியது. அப்போதுதான் என் மடியிலிருந்த போல்ட்டைக் கண்டார். கையிலிருந்த கயிறு நழுவிவிட்டது. "இத்த ஆரு குடுத்தது?" என்று மெல்லக் கேட்டார். "அம்மாதான்" என்றேன். அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு, கூரைமேல் போடவேண்டிய கடைசி ஓலையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார்.

தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் இன்னும் அடுப்படியில். அத்தை என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள். புதுப் பாவாடை வழுக்குகிற துணி. எழுந்த வேகத்தில் மடியிலிருந்த போல்ட்டு வழுக்கி, பக்கத்திலிருந்த துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது.

வெடித்தது பாருங்கள், ஊரே கேட்டிருக்கும். வாசலில் வீசப்போனபோது அம்மா பிடுங்கினாளே, அன்றைக்கு வைத்த மருந்து அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. ஈரம் படாத பரண், ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் தட்டோடு சிதறினார்கள். அத்தை அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் ஓடினாள். காத்து கருப்பு எங்கேயாவது பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரை விட்டுப் போயிருக்கும். மாமா ஸ்டூல்மேல் நின்றபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அலறினார்.

"நான் இல்லக்கா! சத்தியமா நான் இல்ல!"

ஒரு வருஷத்துக்குமேல் ஆன பிறகு அக்காவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

கரண்டியும் கையுமாக அம்மா ஓடிவந்தாள். வந்தவள் நேராக என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண், இன்னொரு கண், புருவம் என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு கல்லின் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த போல்ட்டைப் பார்த்தாள். அதை என் மடியில் வைத்தது யார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

மாமா இன்னும் கையை இறக்கவில்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கிழிந்த வேட்டியையும் பார்த்தாள்.

"சாப்டியாடா?"

"இல்லக்கா."

"எறங்கு. முன்னால வாசப்படி வழியா வா, சோறு போடறேன்."