கன்னி மூலைக் களிமண்

1. காற்று எழும்புவதற்கு முன்

சம்மட்டி தூக்கியே என் உத்தியோகம் முடிந்தது. வீடோ பாலமோ கட்டுவதற்கு முன், நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டாமல் பார்ப்பது எங்கள் வேலை. தரையில் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் சம்மட்டி அடி. மண்ணுக்குள் போகும் அதிர்வை, வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்கள் பிடிக்கும். கெட்டியான இடத்தில் அதிர்வு வேகமாக ஓடும், இளகிய இடத்தில் தவங்கும். இதற்குப் பெயர் சீஸ்மிக் சர்வே. பெயரைக் கேட்டுவிட்டு, "பூகம்பம் வருமா சார்?" என்பார்கள். பதில் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

தோவாளைப் பக்கம் வேலை என்றாலே எனக்கு எரிச்சல். ஆரல்வாய்மொழிக் காற்று எழும்பிவிட்டால் தென்னை ஆடும், அதன் வேர் ஆடும், அத்தனையையும் ஜியோபோன் பதிவு செய்துகொள்ளும். அதனால் விடிந்ததுமே அடிக்கத் தொடங்கிவிடுவோம். அன்றும் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "யாரும் நடக்காதீங்கோ, காலடிச் சத்தமும் அதுல ஏறும்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மனை பகவதியம்மாளுடையது. குவைத்தில் நர்ஸாக இருந்து, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்தவர். கீழே சின்னதாக ஒரு கிளினிக், மேலே இரண்டு மாடி வீடு என்று திட்டம். அங்கே சம்பாதித்ததெல்லாம் இந்த இடத்தில்தான் இருந்தது. இடத்தை வாங்கி, செம்மண் அடித்து உயர்த்தி, ரோலர் விட்டு உருட்டிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் தாணு. நாள் பார்த்துக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், கல்லும் போட்டுவிட்டார்கள். பிளான் போட்ட எஞ்சினியர் வற்புறுத்திய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவது மாதிரி. எங்கள் ஊரில் இது வழக்கம்தான்.

2. காரை ஏற்றிய பலகை

முன்பக்கமெல்லாம் பாறை மேலேயே இருந்தது. கன்னி மூலையில் மட்டும் மேல்மண்ணுக்குக் கீழே நொடிக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் என்று வேகம் வந்தது. கருவியின் திரையை எட்டிப் பார்த்த தாணு அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "நல்ல உறப்பான மண்ணாக்கும், பாத்தேளா?"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது தண்ணீருக்குள் அதிர்வு ஓடுகிற வேகம். நீர் ஊறிய மண் களியாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். தண்ணீருக்குள் ஓடாத குறுக்கு அதிர்வு என்று ஒன்று உண்டு. அதை எழுப்பத் தரையில் ஒரு பலகையைப் போட்டு, அது நகராமலிருக்கப் பகவதியம்மாளின் காரையே அதன்மேல் ஏற்றி நிறுத்தி, பலகையின் முனையில் பக்கவாட்டாக அடித்தோம். "காருக்கும் வைத்தியமா?" என்று ஒருவர் சிரித்தார். அதிர்வு தவங்கித் தவங்கி வந்து சேர்ந்தது. அடியில் களி, அதுவும் நல்ல ஆழத்துக்கு.

"இந்த மூலையில முன்ன என்ன கெடந்தது?" என்று கேட்டேன்.

பகவதியம்மாள் அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, கொளமா?"

"சின்னக் கொளமாக்கும். எத்தன லோடு மண்ணு அடிச்சு மூடினேன்! ரெண்டு மழயும் தாண்டியாச்சு. இனி என்ன செய்யும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வாங்கியிருப்பியா மக்கா? ரோட்டு மேல இப்பிடி ஒரு எடம் பிறவு கிட்டுமா?"

அவரைக் கள்ளன் என்று நான் நினைக்கவில்லை. மூடியதோடு குளம் போய்விட்டது என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டித்தான் நான் பாதி ஓய்ந்துபோனேன்.

பகவதியம்மாள் என்னைத் தனியே அழைத்தார். "ரிப்போர்ட்டு கெடக்கட்டு சார். உங்க வீடுன்னா இதுல கெட்டுவேளா?"

"பாறை வரைக்கும் கான்கிரீட் தூண், அதான் பைல், எறக்கினா…"

"அவ்வளவு செலவுக்கு எனக்குக் கழியாது. பைல் இல்லாம கெட்டுவேளா?"

"மாட்டேன்" என்றேன்.

3. பால்காய்ச்சு

போட்ட கல்லைப் பெயர்த்து எடுத்து, வீட்டை முன்பக்கம் தள்ளி, ஒரு மாடியைக் குறைத்துக் கட்டினார். கல்லை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன், அதன்பிறகு தங்கையோடு பேசவில்லை.

பால்காய்ச்சுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். சுவரில் ஒரு கீறல் இல்லை. பந்திக்குப் போகும்போது பகவதியம்மாள் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணன் வந்திருக்கு சார். பின்னால நிக்கி, வீட்டுக்குள்ள ஏறல்ல. நான் கூப்பிட்டா வராது. நீங்க ஒண்ணு கூப்பிடுங்கோ."

பழைய கன்னி மூலையில் தாணு அண்ணாச்சி தனியாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் காலை ஓங்கித் தரையை மிதித்தார். "சவிட்டிப் பாருங்கோ சார். கல்லு மாதிரியில்லா கெடக்கு?"

நானும் மிதித்தேன். கல் மாதிரித்தான் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தகட்டை இறக்குவதற்கு முன் கல் போட்டாச்சா என்று கேளுங்கள். போட்டாச்சு என்றால், மண் அடித்து மூடியவர் யாரென்று தெரிந்துகொண்டு, முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். அன்று எல்லார் முன்னாலும் கேட்காமல், அந்த மனுஷனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது.

"அண்ணாச்சி, இலை போட்டாச்சு. தங்கச்சி உங்களைத் தேடுது" என்றேன்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்கோ சார்" என்றார். சொல்லிவிட்டு, குதிகாலால் மறுபடியும் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.