சுண்ணாம்பு போட்ட மண்டோர்

எண்பதுகளில் மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ஒரு நாள் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

"சுண்ணாம்பு மூட்டைய நான் வித்துட்டேன்னு தொரை சொல்றாரு தம்பி. மண்ணுல சுண்ணாம்பே இல்லன்னு உங்க மெஷின் காட்டுச்சாம். நானே நின்னு போட்டேன்லா."

எங்கள் மண் அமிலம் மிகுந்தது; அதைத் தணிக்கத்தான் சுண்ணாம்பு போடுவார்கள். அந்த மண்ணில் அலுமினியமும் அதிகம். கருவியின் தீயில் அது சுண்ணாம்பின் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு குறைந்து தெரியும். லாந்தனம் என்ற ரசாயன மருந்தைக் கலந்தால்தான் சரியாக வரும். அது தீர்ந்துபோயிருந்தது. தோட்ட மேலாளரான துரையிடம் போய் இதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

"மருந்து வர ரெண்டு மாசம் ஆவும்ணே," என்றேன் மண்டோரிடம்.

"லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுல வந்து இதச் சொல்றீங்களா தம்பி? அவளும் என்னை நம்ப மாட்டேங்கிறா."

போய்ச் சொன்னேன். அவர் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். மண்டோர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்து வந்ததும் அதே மண்ணைச் சோதித்தேன். சுண்ணாம்பு இருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா அவரை நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.